முப்பதுக்குக் கீழே

நாள்தோறும் பிற்பகல் மூன்று மணிக்கு, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவள் அளவுக்கருவியை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவாள். கூடத்தில் நான்கு இடம், நடைவழியில் ஐந்து, அப்பாவின் அறையில் மூன்று. ஒவ்வோர் இடத்திலும் நின்று, வைஃபை சிக்னல் நூற்றுக்கு எத்தனை என்று பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வாள். கிடங்குகளிலும் மருத்துவமனைகளிலும் அறுந்து அறுந்து போகும் இணைப்பைத் திடப்படுத்தித் தருவது அவள் தொழில். அப்பா அதைக் கேலி செய்வார்: “என் மக ஊருக்கெல்லாம் சிக்னல் குடுப்பா. பெத்தவன் கூப்பிட்டா மட்டும் தொடர்பு எல்லைக்கு வெளியே!”

அவர் இறந்துபோன பன்னிரண்டாம் நாள், நடைவழியின் கோடியில், குளியலறைக் கதவருகே அவள் பென்சிலைத் தவறவிட்டாள். எடுக்கக் குனிந்தபோது, எழுபது காட்டிக்கொண்டிருந்த கருவி ஐம்பத்தாறுக்கு இறங்கியது. நிமிர்ந்தாள், எழுபது. குனிந்தாள், ஐம்பத்தாறு.

மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் இந்த அலையைக் குடித்துவிடும். குறுக்கே ஓர் ஆள் இருந்தால் பதினான்கு புள்ளி குறையும் என்று எத்தனையோ வாடிக்கையாளர்களுக்கு அவளே விளக்கியிருக்கிறாள். முழங்காலிட்டுக் கருவியைத் தரையோடு தரையாக நகர்த்திப் பார்த்தாள். குறைவு ஓர் ஆள் நீளத்துக்குப் படர்ந்திருந்தது. ஒரு முனையில் தோள் அகலம். மறுமுனையில் குறுகி, இரண்டாகப் பிரிந்தது. தரையில் வெயில் மட்டுமே கிடந்தது.

அன்று அவள் நோட்டில் ஒன்றும் எழுதவில்லை.

மறுநாள் தொலைபேசி அடித்தது. அப்பாவைக் காலை முதல் மதியம்வரை சம்பளத்துக்குப் பார்த்துக்கொண்ட அக்கா.

“பாப்பா, சாப்ட்டியா? குரலே சரியில்லையே.”

“சாப்ட்டேங்க்கா. சொல்லுங்க.”

“வேலைக்கு அனுப்புற எடத்துல என் பேரையே அடிச்சுட்டாங்க. பெரியவர் கைக்கு எட்டாத எடத்துல நான் மணியை வெச்சுட்டுப் போயிட்டேன்னு உங்க அண்ணன் எழுதிக் குடுத்திருக்காராம். தலையணைக்குப் பக்கத்துல வெச்சுட்டுத்தானே கெளம்பினேன்? நீயும் பார்த்தல்ல? ஒரு வார்த்தை சொல்லேன், கண்ணு. மூணு வீட்டுல வேணாம்னுட்டாங்க.”

“அண்ணன்கிட்ட... பேசறேங்க்கா.”

அவள் பேசவில்லை. பேசினால் சொல்லியாக வேண்டும்.

அந்த மணி ஒரு சிறு பொத்தான். அப்பா அழுத்தினால் அவள் மேசையிலிருக்கும் பெட்டி ஒலிக்கும். ஆனால் அக்கம்பக்கத்து மைக்ரோவேவ் அடுப்பும் அழைப்புமணியும் அதே அலைவரிசையில் இரைந்ததால், ஒரே நாளில் பதினோரு முறை பெட்டி வீணாக அலறியது. பதினோரு முறையும் அவள் அலுவலகக் கூட்டத்தின் நடுவே எழுந்து ஓடினாள். அதற்கு அவள் பெட்டிக்கு இட்ட கட்டளை எளிது: முப்பதுக்குக் குறைவான வலுவில் வருவதெல்லாம் இரைச்சல்; தள்ளிவிடு. கொசுவின் தொல்லைக்காகக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, கூப்பிட்ட குட்டியின் குரலையும் கேளாமல் போன முயலைப்போல.

அப்பா குளியலறை வாசலில் விழுந்தார். பொத்தானைப் பிடித்த கை உடம்புக்கு அடியில் சிக்கிக்கொண்டது. அவர் உடம்பே அலையைக் குடித்தது. இருபத்தேழு. இருபத்தாறு. இருபத்தெட்டு. நாற்பத்தொரு முறை அழுத்தியிருந்தார். நாற்பத்தொன்றும் தள்ளப்பட்டவற்றின் பட்டியலில் ஒழுங்காக ஏறியிருந்தன. சுவருக்கு இந்தப் பக்கம், காதில் கருவி மாட்டிக்கொண்டு, அவள் யாருக்கோ நம்பகமான இணைப்பைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் வருமுன் அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பொத்தானை எடுத்து ஒளித்தாள். “மணி எட்டல போலண்ணா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அது போதுமாயிருந்தது.

பதினான்காம் நாள், குறைவு குளியலறைக் கதவருகே இல்லை. ஒரு கை நீளம் இந்தப் பக்கம் நகர்ந்திருந்தது.

பதினைந்தாம் நாள் நடைவழியின் பாதியில் இருந்தது. வலிக்குத் தடவும் தைலத்தின் நெடி, அதன் அடியில் காயாத துண்டின் புழுக்கம். தளத்தில் துணி உரசும் ஓசை, நின்று, மூச்சு வாங்குவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு பொறுத்து, மறுபடி உரசும் ஓசை. தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நல்ல வெளிச்சம்.

தன் அறைக்குள் போய்த் தள்ளப்பட்டவற்றின் பட்டியலைத் திறந்தாள். மின்கலம் கழற்றிய பொத்தான் இழுப்பறையில்தான் கிடந்தது. அதன் அடையாள எண்ணில் புதிய அழுத்தங்கள் பட்டியலில் ஏறிக்கொண்டிருந்தன.

மூன்று பத்து: பன்னிரண்டு.

மூன்று பதினொன்று: பதினைந்து.

பத்தொன்பது.

உரசல். அறையின் வாசற்படி.

இருபத்து நான்கு.

அவள் ஓடவில்லை. ஓட வழியும் இல்லை. வழியில்தான் அவர் இருந்தார். தொலைபேசியை எடுத்தாள்.

“அக்கா... மணி அப்பா கையிலதான் இருந்துச்சு. அழுத்தினாரு. அழுத்திக்கிட்டே இருந்தாரு. நான்தான் கேக்காத மாதிரி பண்ணி வெச்சிருந்தேன். உங்க மேல பழி விழட்டும்னு வாய மூடிக்கிட்டேன்.”



“எத்தனை வாட்டி?” என்றாள் அக்கா.

“நாப்பத்தொண்ணு.”

அக்கா அழுதாள். தனக்காக அல்ல என்பது கேட்டாலே தெரிந்தது. “ஐயோ... என் சாமி, எம்புட்டு நேரம் தவிச்சாரோ!” பிறகு மெல்ல, “எழுத்துல குடு பாப்பா. வாயால சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.”

“இப்பவே அனுப்பறேங்க்கா. போனை வெச்சுராதீங்க.”

தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, கணினியில் அண்ணனுக்கும் அக்காவை வேலைக்கு அனுப்பும் அலுவலகத்துக்கும் எழுதினாள். தவறு என்னுடையது. பட்டியலை இணைத்திருக்கிறேன். அனுப்பு என்பதைத் தொட்டாள்.

வட்டம் சுழன்றது. போகவில்லை.

மேசைக்கடியில் குளிர். தைல நெடி தொண்டைவரை ஏறியது. இணைப்பு அறுபது. ஐம்பது. முப்பத்தைந்து. ரௌட்டருக்கும் அவளுக்கும் குறுக்கே அது இருந்தது. அவள் பாதத்தின்மேல் ஈரத்துணி பட்டது.

“போச்சா பாப்பா?”

“இன்னும் இல்லக்கா.”

கணினியை ஒரு கையால் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். வட்டம் சுழன்றது. நின்றது. சுழன்றது.

போயிற்று.

“வந்துட்டேம்ப்பா,” என்றாள். மறுகையை, பார்க்காமல், மேசைக்கடியில் நீட்டினாள்.

ஒரு கை அதைப் பற்றியது. உள்ளங்கையின் நடுவே ஒரு கட்டைவிரல் அழுத்தியது. விட்டது. மீண்டும் அழுத்தியது. அவள் கையை இழுக்கவில்லை. விரல் நிற்கவும் இல்லை.