மண்டபத்தில் மரத்துப்போன கால்

கென்ஸோ மாமா மண்டியிட்டு உட்கார்ந்தால் மலை உட்கார்ந்த மாதிரி இருக்குமாம். இதை ஊரார் சொல்லவில்லை. காரில் வரும் வழியெல்லாம் மாமாவேதான் சொன்னார்.

அன்று மினோரிக்கு ஏழு வயது விழா; ஜப்பானில் வளரும் பிள்ளைகளுக்காகக் கோவிலில் வேண்டிக்கொள்ளும் நாள். சிவப்புக் கிமோனோ, தலையில் பூ, மூச்சுவிட இடம் தராத இடுப்புப்பட்டை. அப்பா கப்பல் வேலைக்குப் போயிருந்ததால், அம்மாவின் அண்ணனான கென்ஸோ மாமாதான் அன்றைக்குக் குடும்பத் தலைவர்.

கோவிலின் வழிபாட்டு மண்டபத்தில் நுழைந்ததும், உதவிக்கு நின்ற பெண், விழா முடியும்வரை மண்டியிட முடியாதவர்களுக்கான குட்டை நாற்காலிகளைக் காட்டினாள்.

"நாற்காலியா?" மாமா சிரித்தார். "எங்க குடும்பத்துல யாருக்கும் கால்ல கோளாறு இல்லம்மா. எடுத்துட்டுப் போங்க."

போகிற நாற்காலியை அம்மா ஏக்கத்தோடு பார்த்தாள்.

மினோரியின் அண்ணன் இட்சுகி அவளிடம் கிசுகிசுத்தான். "நீ நடுவுல கால நீட்டுவே பாரு. நீட்டினா உன் மிட்டாய் எனக்கு."

"நீட்ட மாட்டேன், போடா!"

விழா முடிந்ததும் கிடைக்கும் அந்த நீள மிட்டாய்க்காகத்தான் மினோரி பட்டையையே கட்டிக்கொண்டிருந்தாள்.

விழா மினோரிக்கு என்றாலும் முன்னால் உட்கார்ந்தது மாமா. முரசு அதிர்ந்தது. பூசாரி பழைய மொழியில் வேண்டுதல் படித்தார். நடுவில் மினோரியின் பெயரும் வீட்டு முகவரியும் வந்தன. சாமி பக்கத்து வீட்டுக்குப் போய்விடக் கூடாதல்லவா! வேண்டுதல் நீண்டுகொண்டே போனது.

மாமா மலையாகவே இருந்தார். பின்னால் இருந்த மினோரிக்கு மட்டும் மலையின் அடிவாரம் தெரிந்தது. மாமாவின் கை மெல்லப் பின்னால் வந்து, தன் கால் கட்டைவிரலைக் கிள்ளியது. விரல் கண்டுகொள்ளவே இல்லை. நவம்பர் குளிரில் அவர் கழுத்து வேர்த்தது.

அடுத்து, சாமிக்கு இலைக்கிளை வைக்க வேண்டும். அதைக் குடும்பத் தலைவர்தான் எழுந்து போய் வைக்க வேண்டும். பின்வரிசையில், தன் பிள்ளையின் விழாவுக்கு வந்த மாமாவின் அலுவலக நண்பர் வேறு இருந்தார். மாமா விழுந்தால், நண்பர் வீடு போவதற்குள் செய்தி ஊர் சுற்றிவிடும்.

"குடும்பத் தலைவர் வாங்க," என்று பூசாரி அழைத்தார்.

"இதோ..." என்றார் மாமா. எழவில்லை.

மினோரி அண்ணனைப் பார்த்தாள். மிட்டாயை நினைத்து எச்சில் விழுங்கினாள். பிறகு இரண்டு கால்களையும் படாரென்று நீட்டினாள்.

"பூசாரி ஐயா! என் கால் மரத்துப்போச்சு! மாமா, தேய்ச்சு விடுங்களேன்!"

மண்டபமே சிரித்தது.

"மிட்டாய் எனக்கு," என்றான் இட்சுகி.

பூசாரியும் சிரித்தார். "எல்லாருமே கொஞ்சம் கால நீட்டிக்குங்க. சாமிக்கு ஒண்ணும் அவசரமில்ல."

மாமா உட்கார்ந்தபடியே திரும்பிக் காலை நீட்டினார். மினோரியின் நீளக் கிமோனோக் கைக்கு அடியில், யார் காலை யார் தேய்க்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஆ! மெதுவா!"

"கத்தாதீங்க மாமா. மரத்துப்போனது என் கால்."

கொஞ்ச நேரத்தில் மாமா எழுந்தார். நடந்தார். கிளையை வைத்து, வணங்கி, முறைப்படி சாமி முன் கை தட்டினார். விழவில்லை.

வெளியே வந்ததும் நண்பர் கேட்டார். "என்னப்பா, பொண்ணுக்குக் கால் தாங்கல போலிருக்கே?"

"சின்னப் பிள்ளைதானே, பாவம்! நாமதான் தாங்கிப் பிடிக்கணும்," என்றார் மாமா, மினோரியின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு.

நண்பர் போனதும், கோவில் படிக்கட்டில் மாமா அவள் காதருகே குனிந்தார்.

"மெதுவா எறங்கு கண்ணு. எடது கால் இன்னும் மண்டபத்துலயே இருக்கு."

மினோரி அடுத்த படியில் நின்று, அது வந்து சேரும்வரை காத்திருந்தாள்.