தோளில் ஒரு கிரீடம்

நேற்று பிரித்தெடுத்த பேட்ஜ் இன்று மறுபடியும் கோட்டின் தோளில் இருந்தது.

மதலைமுத்து முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டார். ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய கோட்டுகளில் பேட்ஜைப் பிரித்து, சாயம் போட்டு விற்பது தையல்காரரான அவர் பிழைப்பு. தொம்மலூர் டிசம்பர் குளிருக்காக ஒன்றை மட்டும் விற்காமல், மாசமாயிருந்த மனைவி ஜூடித்துக்கு அளவு குறைத்துக் கொடுத்திருந்தார். கல்யாணமாகி நாலைந்து வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை. அவள் தும்மினாலே இவர் கஷாயம் வைக்க ஓடுவார்.

"ஏங்க, இதை எடுத்துட்டேன்னீங்களே?"

"எடுத்து அடுப்புல போட்டேனே!"

"மறந்திருப்பீங்க, விடுங்க."

அவரால் விட முடியவில்லை. சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். சிவப்புத் துணியில் கிரீடம். நாடு குடியரசானதும் கிரீடம் போய் சிங்கம் வந்து நாலு வருடமாகிறது. ஆகவே இது அதற்கு முந்தியது. கீழே இருந்த எழுத்துகளும் அவருக்குத் தெரிந்தவைதான். நாற்பத்தெட்டில் திரட்டி, மறுவருடமே கலைத்த படை. அந்த பேட்ஜைக் கண்ட தையல்காரர்களே அபூர்வம். ஏன் கலைத்தார்கள் என்று கேட்டால் பழைய சிப்பாய்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

ஓரத்தைப் பிரித்து அடித்துணியைப் பார்த்தார். பல வருடம் தைத்திருந்த பேட்ஜுக்கு அடியில் வெயில் படாத துணி பழைய நிறத்திலேயே இருக்கும். இங்கே அடியும் வெளுத்திருந்தது. அப்படியானால் இந்த பேட்ஜோடு எவனும் இந்தக் கோட்டைப் போட்டதே இல்லை. தையல் புதிது. நூல் இன்னும் ஈரமாக இருந்தது.

கோட்டையே கொல்லையில் போட்டு எரித்தார். சாம்பலாகும்வரை அங்கேயே நின்றார்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டின் மேல் விழுந்த சத்தத்துக்கு நடுவே, சரக்கெல்லாம் கடையில் இருக்க, கோட்டே இல்லாத வீட்டில் நனைந்த கம்பளியும் அந்துருண்டையும் கலந்த வாடை மெல்ல மெல்ல ஏறி, லாந்தர் வெளிச்சத்தையே மங்கவைப்பதுபோல் அறையெங்கும் நிரம்பியது.

"தோள்ல ஊசி குத்துற மாதிரி பேஜாரா இருக்குங்க," என்றாள் ஜூடித்.

சேலைத் தலைப்பை விலக்கி, ரவிக்கையைத் தோளிலிருந்து இறக்கினார்.

கிரீடம்.

துணியில் இல்லை. தோலில்.

நெருக்கமான, பொடிப்பொடித் தையல். பிளேடு நுனியால் ஒரே ஒரு இழையை அறுத்தார். ரத்தம் துளிர்த்தது.

"வேணாங்க! உசிரு போகுது!"

பிளேடைக் கீழே வைத்தார். வேண்டாம், பார்க்காதே என்று மனம் கெஞ்சியது. ஆனாலும் பழகிய விரல் ஓரத்தைத் தூக்கிவிட்டது. அடியில் மட்டும் வெளுப்பான தோல். பல வருடம் வெயில் படாத தோல். அவர் தாலி கட்டியதற்கும் முந்தியே அந்த பேட்ஜ் அங்கே இருந்திருக்க வேண்டும்.

"மாதாவே..." என்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

ஜூடித் அவர் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

"இங்கயும் குத்துதுங்க."

உள்ளங்கைக்கு அடியில் பிள்ளை அசையவில்லை. வேறொன்று அசைந்தது. குத்தி, இழுத்து. குத்தி, இழுத்து. தையல்காரர் கைக்கு அது தெரியாதா? உள்ளே யாரோ அவசரமே இல்லாமல் தைத்துக்கொண்டிருந்தார்கள்.