இடது குழலின் முத்திரை

இரட்டைக்குழல் துப்பாக்கியில் காலையில் வழவழவென்று இருந்த இடது குழலில், மாலையில் ஒரு முத்திரை இருந்தது. சின்னக் கிரீடம், அதன் கீழே பின்னிக்கொண்ட இரண்டு எழுத்துகள். அசீம் கட்டைவிரலால் தடவினார். நேற்றுக் குத்தியதுபோல் பிசிறு விரலைக் கீறியது.

துப்பாக்கிக்கு நூறு வயதுக்கு மேல். தேர்தல் முடியும்வரை ஒப்படைத்து வைக்க, நாகமலைப் பக்கத்திலிருந்து சுருளி அவருடைய துப்பாக்கிக் கடைக்குக் கொண்டுவந்தது. சுருளி வீட்டில் ஆயுத பூஜைக்கு வருடா வருடம் செங்கல் பொடியால் தேய்த்து முத்திரைகளை மழுக்கி வைத்திருந்தார்கள். "முத்திரை போனா துப்பாக்கிக்கு என்னய்யா மதிப்பு?" என்று சுருளியைக் கடிந்துகொண்டு, ஆசையாக எண்ணெய் போட்டவர் அசீம்தான். சிம்மக்கல்லில் தன்னளவுக்கு இந்த வெள்ளைக்காரன் முத்திரைகளைப் படிக்க ஆளில்லை என்ற பெருமை வேறு.

வலது குழலில் இரண்டு முத்திரைகள் லேசாகத் தெரிந்தன. முதலாவது, இங்கிலாந்தின் பர்மிங்காமில் வெறும் குழலாக இருக்கும்போதே சோதித்துக் குத்துவது. இரண்டாவது, முழுத் துப்பாக்கியானதும் வழக்கத்தைவிட அதிகமாகக் கருமருந்து கெட்டித்துச் சுட்டு, குழல் சிதறாமல் நின்றால் குத்துவது. இடதில் இப்போது வந்திருப்பது முதலாவது மட்டும்தான். பெரிய சோதனை இன்னும் பாக்கி.

மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. தெருவின் ஆட்டோ இரைச்சலும் ஈரமண் வாசமும் ஷட்டரில் மோதும் காற்றும் கலந்து கிடக்க, எல்லாவற்றுக்கும் அடியில் வேறொரு சத்தம் கேட்டது. டொக். கொஞ்சம் இடைவெளி. டொக். குழலுக்குள் கம்பி விட்டுக் கருமருந்து கெட்டிக்கும் சத்தம் அது. துப்பாக்கியைக் காதருகே வைத்துப் பார்த்தார். அது சும்மா இருந்தது.

அவருக்குப் பயமாக இருந்தது. சுருளிக்குப் போன் போட்டு, முத்திரை வந்திருப்பதைச் சொன்னார்.

"செங்கப்பொடி தேச்சீங்களா பாய்?"

"எண்ணெய்தான் போட்டேன். ஏன்?"

"முத்திரை திரும்பி வந்துறக் கூடாதுன்னுதான் தேய்க்கிறது" என்ற சுருளியின் குரல் பதறியது.

"வீட்ல புள்ளத்தாச்சி யாரும் இருக்காகளா?"

மாடியில் ஹுமா இருந்தாள். அவர் மனைவி. இரண்டு கலைந்தபின் தங்கிய பிள்ளை, இது ஏழாவது மாதம். அசீம் ஓடினார்.

படிகள். இருட்டு. கருமருந்து நாற்றம். டொக்.

ஹுமா கட்டிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, புள்ள உதைக்கிற மாதிரியே இல்ல. ஒரே சீரா இடிக்குது."

சேலையை விலக்கினார். வயிற்றில் கிரீடம். கீழே பின்னிய எழுத்துகள். வெளியிலிருந்து அழுத்திய தடமல்ல. உள்ளேயிருந்து குத்திப் புடைத்தது.

டொக்.

"யா அல்லா!"

ஹுமா ஏதோ சொல்ல வாய் திறந்தாள். கரிய தூள் அவள் கீழுதட்டில் நிரம்பி வழிந்து மடியில் கொட்டியது.

உள்ளே இன்னும் கெட்டித்துக்கொண்டிருந்தார்கள்.