செல்லம் திரும்பிய பக்கம்

சுண்டு ரிமோட்டை இன்னும் போடவே இல்லை. ஆனாலும் அவர்களுடைய சண்டை இயந்திரமான செல்லத்தின் முதுகிலிருந்த பச்சை விளக்கு சிமிட்டுவதை நிறுத்திவிட்டு நிலையாக எரிந்தது.

சாவியைச் செருகியதும் அந்த விளக்கு சிமிட்டத் தொடங்கும். தன் ரிமோட்டைத் தேடுகிறது என்று அர்த்தம். ரிமோட்டைப் போட்டு, அதன் சிக்னல் கிடைத்த பிறகுதான் சிமிட்டல் நின்று நிலையாக எரியும். ஜோடி சேர்த்த ரிமோட்டைத் தவிர வேறு எதையும் அது ஏறெடுத்தும் பார்க்காது. அப்படி ஓர் ஏற்பாடு இருப்பதால்தான், சண்டைக்கென்றே செய்த இத்தனை இயந்திரங்களை ஒரே கூடத்தில் வைத்துக்கொண்டு, மனிதர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடிக்க முடிகிறது.

சுண்டு பைக்குள் கைவிட்டு ரிமோட்டை எடுத்தாள். திரை இருட்டாக இருந்தது. பையில் ஏதோ பட்டு பட்டன் அழுந்தியிருக்கும், எடுக்கும்போது மறுபடி அழுந்தி அணைந்திருக்கும் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு அதைப் போட்டாள். நல்லவேளையாக, செல்லத்தின் முன்னாலிருக்கும் பல் உருளையைச் சுற்றவைக்கும் பெல்ட்டைச் சோதனைக்காகக் கழற்றி வைத்திருந்தார்கள், அது சுற்ற வழியில்லை. ஆனாலும் அவசரமாகச் சாவியைப் பிடுங்கி அண்ணியிடம் கொடுத்தாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் அண்ணி.

"ஒண்ணுமில்ல அண்ணி. பசி."

"ஜெயிச்சா வெளிய போய் வயிறு முட்டச் சாப்பிடலாம். தோத்தா நீதான் சமைக்கணும். என்ன பண்ணணும்னு நீயே முடிவு பண்ணிக்க."

சுண்டுவுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது.

செல்லம் என்பது அண்ணன் வைத்த பெயர். பெயருக்கும் ஆளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. தரையோடு தரையாக ஒட்டிய இரும்புப் பெட்டி, இரண்டு பக்கமும் சக்கரம், முன்னால் பல் வைத்த எஃகு உருளை. அந்த உருளை முழு வேகத்தில் சுற்றினால் எதிரே வருவது இரும்புத் தகடானாலும் கிழியும். பாதி வேலையிலேயே அண்ணனுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை. மிச்சத்தை, வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் சுண்டுவும், லேத் பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணியும், அழுத நேரம் போக மீதி நேரத்தில் செய்து முடித்தார்கள். அந்த வீட்டில் இப்போது அவளுக்கு அண்ணியும் அண்ணிக்கு அவளும்தான்.

அண்ணன் நல்லவன்தான். ஆனால் தன்னுடையது என்று ஒன்றைப் பிடித்தால் விடமாட்டான். அவன் ரிமோட்டை வேறு யாரும் தொடக்கூடாது. முந்தைய போட்டிகளில் பழைய இயந்திரங்களை ஓட்டியபோது, மணி அடித்த பிறகும் எதிராளியின் இயந்திரத்தை அடித்துக்கொண்டே இருந்ததற்காக நடுவரிடம் எத்தனையோ முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான். தெருமுனைக் கடைக்குப் போவதென்றால்கூட அண்ணி கூட வர வேண்டும். கடைசி நாளில் அவள் மணிக்கட்டைப் பிடித்தவன் உயிர் போன பிறகும் விடவில்லை. நர்ஸ் வந்துதான் விரல் விரலாகப் பிரித்தாள். அந்த இடத்தைத் தடவிக்கொள்ளும் பழக்கம் அண்ணிக்கு இன்னும் போகவில்லை.

சவப்பெட்டியை மூடும் முன்பு, செல்லத்தோடு ஜோடி சேர்த்திருந்த அவன் ரிமோட்டை அண்ணிதான் அவன் கைக்குள் வைத்தாள். "இது இல்லாம அவருக்குத் தூக்கம் வராது" என்றாள். அதற்கு முன்பே சுண்டு பேட்டரிகளைக் கழற்றி எடுத்திருந்தாள். வீணாக மண்ணுக்குள் போவானேன் என்றுதான். புது ரிமோட் வந்ததும் அவற்றையே அதில் போட்டாள்.

போட்டி நடந்த கூடம் ஒரு பழைய கிடங்கு. தகரக் கூரையில் மழை ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கூடத்தின் நடுவில் தடித்த பிளாஸ்டிக் சுவர்களால் ஆன கூண்டு, அதற்குள்ளேதான் சண்டை. கருகிய ரப்பரும் கிரீஸும் சூடேறிய செம்புக் கம்பியும் சேர்ந்த நாற்றம் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. யாரோ எங்கோ அரத்தால் இரும்பை ராவிக்கொண்டிருந்த சத்தம் பல்லைக் கூசவைத்தது. அத்தனை இரைச்சலுக்கு நடுவே சுண்டுவின் காதில் விழுந்ததெல்லாம், மேஜை மேலிருந்த செல்லத்தின் சக்கரம் 'கிர்ர்' என்று மெல்ல அசைந்த சத்தம்தான். திரும்பிப் பார்த்தாள். உருளை இருக்கும் முகத்தை எப்போதும் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்பது அண்ணன் பட்டறையில் போட்ட சட்டம். அப்படித்தான் வைத்திருந்தார்கள். இப்போது அது அண்ணி உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்து இருந்தது.

மேஜை சாய்வாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். சாவி அண்ணியின் கழுத்துக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

முதல் சண்டையில் செல்லம் சுலபமாக ஜெயித்தது. ஆனால் ஒரு பக்கமாகவே இழுத்தது. நேராகப் போக ரிமோட்டின் குச்சியைத் தள்ளினால், கொஞ்சம் போய்விட்டு இடது சுவரை நோக்கி ஒதுங்கியது. சக்கரம் கோணியிருக்கிறது என்று, வெளியே வந்ததும் சுண்டு அதைச் சரிசெய்தாள்.

இரண்டாவது சண்டையில் வலது பக்கம் இழுத்தது. ஓட்டிக்கொண்டே சுண்டு ஓரக்கண்ணால் பார்த்தாள். முதல் சண்டையின்போது அண்ணி இடது சுவரோரம் நின்றிருந்தாள். இப்போது வலது சுவரோரம் நிற்கிறாள்.

எதிராளி கவிழ்ந்து புகை கக்கியது. மணி அடித்தது. சுண்டு குச்சியை விட்டுவிட்டாள். செல்லம் விடவில்லை. கவிழ்ந்து கிடந்ததை மறுபடி அடித்தது. மறுபடியும். தகடு கிழிந்து பறந்தது. கூட்டம் விசிலடித்து ஆர்ப்பரித்தது. நடுவர் மைக்கில் கத்திய பிறகு, போதும் என்று அதற்கே தோன்றியதுபோல் நின்றது. நின்று, மெதுவாகத் திரும்பி, அண்ணிக்கு எதிரே சுவரை மூக்கால் தொட்டுக்கொண்டு இருந்தது.

"அப்படியே உங்க அண்ணன் மாதிரியே ஓட்டுறடி" என்றாள் அண்ணி. அவள் கண் கலங்கியிருந்தது. கை மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தது.

"நான் ஓட்டல அண்ணி" என்று சொல்ல வாயெடுத்தாள் சுண்டு. சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயமாக இருந்தது. செல்லத்தை எடுக்கக் கூண்டுக்குப் போனாள்.

மேஜைக்குக் கொண்டுவந்து மேல்மூடியைத் திறந்தாள். இவ்வளவு அடித்த மோட்டார் கைவைக்க முடியாதபடி கொதிக்க வேண்டும். தொட்டாள். ஜில்லென்று இருந்தது. உள்ளேயிருந்து கருகல் வாடை வரவில்லை, ஈர மண் வாடை வந்தது. தோண்டி எடுத்த, வெயிலே படாத மண்ணின் வாடை.

"இறுதிச் சண்டை வேணாம் அண்ணி. வீட்டுக்குப் போயிடலாம்."

"பைத்தியமா உனக்கு? அவரு ஆசைப்பட்டது இது ஒண்ணுதான்." அண்ணி செல்லத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றினாள். வண்டியை எப்படித் திருப்பினாலும் உருளை அவள் பக்கமே இருந்தது. "நீ ரிமோட்டை எடுத்துட்டு வா. நான் உள்ள வச்சு சாவி போடுறேன்."

அவள் போய்விட்டாள். ரிமோட்டை எடுக்கப் போன சுண்டுவை அடுத்த மேஜை மீசைக்காரர் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஜோடி சேர்க்கிற ஒயர் இருக்குமா? எங்களோடத எங்கயோ தொலைச்சுட்டோம்."

புது ரிமோட் வந்த அட்டைப்பெட்டியைத் திறந்து ஒயரை எடுத்தாள். அது ஒரு குட்டி ஒயர். இயந்திரத்தில் அதைச் செருகினால்தான் பழைய ரிமோட்டை மறந்து புது ரிமோட்டோடு ஜோடி சேரும். அது பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. உறை ஒட்டியபடியே இருந்தது. யாரும் பிரிக்கவே இல்லை.

புது ரிமோட் வந்த அன்று, சுண்டு அதில் பேட்டரிகளைப் போட்டு வைத்துவிட்டுக் கடைக்குப் போய் வருவதற்குள் அண்ணி செல்லத்துக்குச் சாவி போட்டு வைத்திருந்தாள். விளக்கு நிலையாக எரிந்துகொண்டிருந்தது. அண்ணியே ஜோடி சேர்த்துவிட்டாள் என்று நினைத்து, ரிமோட்டை எடுத்துக் குச்சியைத் தள்ளினாள். செல்லம் போனது. அப்புறம் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

அவள் தள்ளியபடி அது போகவில்லை. அது போனபடி அவள் தள்ளியிருக்கிறாள்.

ஓடினாள். மேஜையிலிருந்து பறித்த ரிமோட் கையில் இருந்தது. நாற்காலி தட்டிவிட்டது, முழங்கால் சிராய்ந்தது, எழுந்து ஓடினாள். கூண்டுக்குள் அண்ணி செல்லத்தின் பின்னால் மண்டியிட்டிருந்தாள். சாவி அவள் கையில் இருந்தது.

"அண்ணி! ஜோடி சேர்த்தது நீங்கதானே?"

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். "நானா? எனக்கு லேத்தை விட்டா என்ன தெரியும்? நீ சேர்த்துட்டன்னு நெனச்சேன்."

சாவி உள்ளே போன 'டக்' சத்தம் கேட்டது.

விளக்கு சிமிட்டவில்லை. ஒரு முறைகூட. எடுத்த எடுப்பிலேயே நிலையாக எரிந்தது.

"வெளிய வாங்க! அண்ணி, வெளிய வாங்க!"

செல்லம் நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பியது. வாசலுக்கும் அண்ணிக்கும் நடுவில் நின்றது. அவசரமே இல்லை. உருளை மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. முதலில் ஒரு முனகல். பிறகு ஒரு ரீங்காரம்.

"விளையாடாதடி. ஆஃப் பண்ணு."

சுண்டு ரிமோட்டைத் தூக்கிக் காட்டினாள். திரை இருட்டு. பின்மூடியைப் பிய்த்து எறிந்தாள். பேட்டரிகள் தரையில் விழுந்து உருண்டன. அண்ணனின் பேட்டரிகள். வெறும் கைகள் இரண்டையும் விரித்து பிளாஸ்டிக் சுவரில் வைத்தாள். நான் இல்லை. பாருங்கள் அண்ணி, நான் இல்லை.

அண்ணி அந்தக் கைகளைப் பார்த்தாள். ஒரு மூலைக்குப் பின்வாங்கினாள். செல்லம் அந்த மூலைக்குத் திரும்பியது. மறு மூலைக்கு நகர்ந்தாள். அதுவும் திரும்பியது. நடுவர் கதவைத் திறக்க ஓடினார். கதவு அசைந்ததும் செல்லம் பின்பக்கமாகவே பாய்ந்து அதை இடித்துச் சாத்தியது. மறுபடி மெதுவாக அண்ணியிடம் வந்தது. உருளை இப்போது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றியது. சுவர் அதிர்ந்தது. சுண்டுவின் உள்ளங்கைகளும் அதிர்ந்தன. பிளாஸ்டிக்கைத் தாண்டி அந்த ஈர மண் வாடை வந்தது.

அண்ணியின் முகத்தில் பயம் இருந்தது. பிறகு இல்லை. அதுதான் சுண்டுவுக்குத் தாங்கவில்லை. கத்தினாள். தன் குரலே தனக்குக் கேட்கவில்லை.

உள்ளே, அண்ணி மெல்ல மண்டியிட்டாள். "இருங்க, வரேன்" என்று அவள் உதடு அசைந்தது. சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நீட்டியதுபோல, அதே மணிக்கட்டை அதனிடம் நீட்டினாள்.

செல்லம் அவளிடம் போனது. பச்சை விளக்கு நிலையாக எரிந்துகொண்டிருந்தது.