வெறுங்கைக் கடிதம்

மார்ச் 9, 2071.

போன வாரம் ஒரு சிறு தவறு செய்தேன்: ஏழாம் எண் நேர்க்கையை மின்னேற்றத் தட்டில் வைக்க மறந்துவிட்டேன். என் கவனக்குறைவுதான்.

நேர்க்கை என்பது பனிப்படலம் போன்ற கையுறை. பிள்ளை தவறான எழுத்தை நினைத்த கணமே விரலை மெல்லத் திருப்பிவிடும், கையெழுத்தையும் நேராக்கும். எங்கள் மாலை வகுப்பில் பதினொரு பிள்ளைகளும் அதை அணிந்துதான் எழுதுகிறார்கள். அவர்களுடைய பெற்றோர் செவ்வாய்ச் சுற்றுக்கலத்தில் வேலைபார்க்கிறார்கள். வாரம் ஒரு பக்கக் கடிதம் மட்டும் அங்கே போகும். ஏழு வயது ரோஸ்லினுக்கு அவள் அம்மாவிடமிருந்து ஐந்து வாரமாகப் பதிலே இல்லை. அம்மாவுக்குக் கோபமா என்று தினமும் கேட்பாள்.

நான் மறந்த ஏழாம் எண் அவளுடையது; அன்று அது ஒளிரவில்லை. வெறுங்கையால் எழுதினாள். ஜன்னலுக்கு வெளியே கடல் வெள்ளியாக அசைந்துகொண்டிருந்தது. அவள் எழுத்துகளும் அப்படியே ஏறி இறங்கின. “அம்மா பள்ளு விலுந்துட்டு.” பக்கத்தில் ஒரு பல்லின் படம். திருத்த எனக்கு மனம் வரவில்லை. அனுப்பிவிட்டேன்.

இன்று பதில் வந்தது. ரோஸ்லின் என் மடியில் சாய்ந்து, வாசிக்கச் சொன்னாள்.

“ரோசு, இதான் நீ எழுதுனது. இதுவரைக்கும் இங்க வந்ததுல எல்லாப் பிள்ளையளுக்கும் ஒரே கையெழுத்து. ஸ்கூல்தான் அனுப்புதுன்னு நெனச்சுட்டேன். எந்தப் பல்லு, மேலயா கீழயா?”

மேலே என்று வாயைத் திறந்து எனக்குக் காட்டினாள்.

பொறுப்பாளர் தனபால் சார் இதை நேர்க்கை செய்பவர்களுக்குத் தெரிவித்தார். வகுப்பு முடிவதற்குள் புது ஏற்பாடு வந்திறங்கியது: இனி வயதுக்கேற்ற பிழைகளையும், கோணலான கையெழுத்தையும் நேர்க்கையே போடும். பெற்றோருக்கு வித்தியாசமே தெரியாது என்றார் சார்.

ரோஸ்லின் அணிந்து ஒரு வரி எழுதினாள். மூன்று அழகான பிழைகள். வெகுநேரம் அதையே பார்த்தாள்.

“அக்கா, இது என் தப்பு இல்லியே.”

கழற்றி என் கையில் கொடுத்தாள். அப்போதுதான் என் வலக்கையைப் பார்த்தேன். நேர்க்கை இருந்தது. ஐந்து வயதிலிருந்தே இருக்கிறது. இந்தக் குறிப்பையும் அதுதான் நேராக்கிக்கொண்டிருக்கிறது.

நாளை: சாரிடம் பேச வேண்டும். ஐந்து மணிக்கே போய்ப் பன்னிரண்டு பென்சில் சீவ வேண்டும், பிள்ளைகளுக்குப் பதினொன்று, எனக்கு ஒன்று.