புரோக்மன் விடாத கோப்பு

வூப்பர்டாலில் தொங்குரயிலால் இறங்கி ஆற்றோரம் ஐந்து நிமிடம் நடந்தால் அந்தக் கட்டடம். நாலாம் மாடி. லிப்ட் இல்லை. வாசலில் செத்த மனிசனின் பித்தளைப் பலகை இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. வக்கீல் புரோக்மன். ஆளைப் புதைத்து ஒன்றரை மாதம். கழற்ற ஒருத்தருக்கும் நேரமில்லையோ, பயமோ, எனக்குத் தெரியாது.

பெட்டி தூக்க உதவிக்குப் போகிறேன் என்றுதான் மனைவி பாலாம்பிகைக்குச் சொன்னேன். பொய். கிருசாந்தி கஷ்டப்படுவதைப் பார்க்கப் போனேன்.

கிருசாந்தி என் மனைவியின் தமையன் இராசலிங்கத்தின் மகள். என் மகள் தக்சாயினியும் அவளும் ஒரே வருசம் சட்டம் படிக்கத் தொடங்கியவர்கள். ஒரே புத்தகம், ஒரே ரயில், ஒரே சோதனை. இந்த நாட்டில் கடைசிச் சோதனையில் இரண்டு தரம் விழுந்தால் அவ்வளவுதான். எட்டு வருசப் படிப்பை மூன்று வரிக் கடிதத்தில் முடித்துவிடுவார்கள். அந்தக் கடிதம் என் பிள்ளைக்கு வந்தது. இராசலிங்கத்தின் பிள்ளை கறுப்பு அங்கி போட்டு, கையைத் தூக்கிச் சத்தியம் செய்து வக்கீலானாள். அந்தப் படத்தை அவன் வீட்டுக்குள் நுழைந்தவுடன் கண்ணில் குத்துகிற இடத்தில் மாட்டியிருக்கிறான். எனக்காகத்தான் மாட்டினான். வேறு யார் என்ன சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.

வக்கீல் ஒருத்தர் வேலையில் இருக்கும்போதே செத்தால், வக்கீல்களின் சங்கம் இன்னொரு வக்கீலை நியமிக்கும். கமர் என்று சொல்வார்கள் அந்தச் சங்கத்தை. செத்தவரின் வழக்குகளை முடித்து, கோப்புகளை உரியவர்களிடம் கொடுத்து, கந்தோரை மூடுவது புது ஆளின் பொறுப்பு. புரோக்மனுக்குக் கிருசாந்தியை நியமித்திருந்தார்கள்.

மனிசன் நாற்பத்தொரு வருசம் தனியாக வழக்குப் பேசியவர். தொழில் பழக வந்த இளம் வக்கீல்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினாராம். தட்டெழுத்துக்கு இருந்த பெண்ணைக்கூட அலுமாரியைத் தொட விட்டதில்லையாம். அந்த அலுமாரிக்கு முன்னால்தான் விழுந்து செத்தார்.

"வாங்கோ மாமா. சப்பாத்தைக் கழட்டாதேங்கோ, நிலம் ஊத்தை."

"ஹீட்டர் வேலை செய்யேல்லையோ பிள்ளை?"

"செய்யுது. தொட்டுப் பாருங்கோ."

தொட்டேன், சுட்டது. ஆனால் அறை குளிர்ந்து கிடந்தது. நாலு மணிக்கே வெளியே இருட்டு. நனைந்த கம்பளி மணந்தது. அதற்கு மேலால், தொண்டை நோவுக்குச் சூப்புகிற யூக்கலிப்டஸ் இனிப்பின் மணம்.

"முதல் இதிலை கையெழுத்து வையுங்கோ. கோப்புக்குள்ளை பாக்கமாட்டன், பாத்தாலும் வெளியிலை சொல்லமாட்டன் எண்டு."

"மாமாவிலை நம்பிக்கை இல்லையோ?"

"மாமாவிலை இருக்கு. மாமான்ரை வாயிலைதான் இல்லை."

சிரித்தாள். தகப்பனின் சிரிப்பு. நான் கையெழுத்து வைத்தேன்.

பிறகு அவள் சிரிக்கவில்லை.

"ஒரு கோப்பைக் காணேல்லை மாமா. சிவப்பு மட்டை. காலமை எடுத்து மேசையிலை வைச்சனான். தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாறன், இல்லை. தேடினா அலுமாரிக்குள்ளை இருக்கு. திரும்ப எடுத்து வைச்சன். திரும்ப இல்லை. மூண்டாந்தரம் போனது போனதுதான்."

"நீயே வைச்சிட்டு மறந்திருப்பாய்."

"அப்பிடித்தான் நானும் நினைச்சன்." குரலைத் தாழ்த்தினாள். "இண்டைக்குள்ளை மேல்கோட்டுக்கு அப்பீல் மனு எழுதி அனுப்போணும். ஒருக்கா தவணை தந்திட்டினம், இனித் தராயினம். டொக்டர்மாற்றை கடிதம் எல்லாம் அதுக்குள்ளைதான். போகாட்டி அந்தச் சனம் வீட்டை விட்டு எழும்போணும். எனக்கும் இது முதல் பொறுப்பு. கமர் சும்மா விடாது."

யாருடைய வழக்கு என்று அவள் சொல்லவில்லை. சொல்ல மாட்டாள், சட்டம். எனக்குச் சொல்லத் தேவையுமில்லை. சிதம்பரம் அண்ணை கோயிலில் ஒருத்தர் விடாமல் சொல்லி அழுதவர். முப்பது வருசம் இருந்த வீட்டைச் சொந்தக்காரன் தனக்கு வேணும் என்கிறான், மனிசி படுத்த படுக்கை, வழக்குப் பேசின புரோக்மனும் செத்துப்போனார் என்று.

கிருசாந்தி நிலவறையில் தேடப் போனாள். காலடி படிப்படியாய் இறங்கி அடங்கியது.

நான் தனியே நின்றேன்.

அலுமாரிக் கதவு திறந்தது.

காற்றில்லை. யன்னல் பூட்டியிருந்தது. கதவு மெதுவாக, விருந்தாளிக்குத் திறக்கிற மாதிரித் திறந்தது. கீழ்த்தட்டில், மற்றக் கோப்புகளுக்குப் பின்னால், சிவப்பு மட்டை. இருபத்திமூன்று வருசம் வீடு வீடாய்ப் பேப்பர் போட்டவன் நான். படிப்பில்லாவிட்டாலும் தபால்பெட்டிப் பெயர்கள் எனக்குப் பாடம். மட்டையில் இருந்தது சிதம்பரத்தின் பெயர்தான்.

கூப்பிட்டிருக்கலாம். ஒரு சத்தம் போதும்.

கூப்பிடவில்லை.

போகட்டும் என்று நினைத்தேன். அவளுக்கும் ஒரு கடிதம் வரட்டும். மூன்று வரி. இராசலிங்கம் படத்தைக் கழற்றட்டும். சிதம்பரத்தை நான் நினைக்கவேயில்லை. அந்த மனிசன் என் கலியாணத்துக்குச் சமைத்தவர்.

கதவைக் காலால் தள்ளிச் சாத்தினேன்.

அப்போது யூக்கலிப்டஸ் மணம் கிட்ட வந்தது. தோளோடு தோள் முட்டுகிற கிட்டம். கன்னத்தில் குளிர்மூச்சு பட்டது. பயந்தேனா என்று கேட்டால், இல்லை. அதுதான் இப்போது நினைக்கப் பயமாயிருக்கிறது. பல வருசத்துக்குப் பிறகு என் மனம் விளங்கின ஒருத்தர் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

கிருசாந்தி மேலே வந்தாள். முடியெல்லாம் நூலாம்படை. கதிரையில் விழுந்தாள்.

"ஏலாது மாமா. எனக்கு இந்த வேலை சரிவராது போலை."

நான் நகர்ந்து அலுமாரியை மறைத்து நின்றேன்.

"தக்சா இருந்திருந்தா அஞ்சு நிமிசத்திலை கண்டுபிடிச்சிருப்பாள். எனக்கு ஒப்பந்தச் சட்டம் முழுக்க அவள்தான் சொல்லித் தந்தவள், தெரியுமோ? அவளுக்குச் சோதனை அறையிலை கைதான் நடுங்கும், தலை நடுங்காது." மூக்கைத் துடைத்தாள். "ஆவணியிலை உங்களிட்டைச் சொல்லிவிட்டனான் எல்லோ, என்னோடை வந்து வேலை செய்யச் சொல்லி? அங்கி போடாட்டி என்ன, மனு எழுதலாம். அவள் ஏன் மாமா வேண்டாம் எண்டவள்?"

தக்சாயினி வேண்டாமென்று சொல்லவில்லை. நான் அவளிடம் கேட்கவேயில்லை. இராசலிங்கத்தின் மகளுக்குக் கீழே என் மகளா என்று அந்தச் செய்தியை விழுங்கிவிட்டு, விருப்பமில்லையாம் என்று நானே சொன்னேன். என் பிள்ளை அந்த நாலு மாதமும் பொதிக் கிடங்கில் பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

அலுமாரியைத் திறந்தேன். முழங்காலிட்டுக் கையை உள்ளே விட்டேன்.

மட்டை விரலில் பட்டது. இழுத்தேன்.

வரவில்லை.

மற்றப் பக்கத்தால் யாரோ பிடித்திருந்தார்கள்.

அலுமாரிக்குப் பின்னால் சுவர்தான். இழுத்தேன். அதுவும் இழுத்தது. ஒரு கை என் மணிக்கட்டின் மேல் ஊர்ந்து வந்து இறுக்கியது. கிழவன் கை. நகம் ஒழுங்காக வெட்டியிருந்தது.

"மைன," என்றது இருட்டு.

என்னுடையது. அந்த அளவு ஜேர்மன் எனக்கும் விளங்கும்.

"மாமா? ஆரோடை கதைக்கிறியள்?"

"விளக்கைப் பிடி பிள்ளை!"

அவள் போனின் வெளிச்சத்தைப் பிடித்தாள். பார்த்தாள். கத்தவில்லை. பக்கத்தில் முழங்காலிட்டு, என் கைக்கு மேலால் தன் கையைப் போட்டு மட்டையைப் பற்றினாள். ஜேர்மனில், கோட்டில் வழக்குப் பேசுகிற மாதிரி ஏதோ சொன்னாள். தன் பெயர் விளங்கியது, கமர் என்றது விளங்கியது.

பிடி தளர்ந்தது. இருவரும் பின்னால் விழுந்தோம்.

ஐந்தரைக்குள் எழுதி அனுப்பினாள். ஒரு பிழை விடவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு படியால் இறங்கினோம். தெருவில் வைத்து, "பெட்டியளை நாளைக்குப் பகலிலை, நாலைஞ்சு பேரோடை வந்து எடுப்பம்," என்றாள். நான் ஓமென்றேன். ஆவணியில் செய்ததையும் சொன்னேன். 

"இப்ப போய் அவளிட்டைச் சொல்லுங்கோ," என்றாள்.

வீட்டில் தக்சாயினி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் பொய்யையும் சொன்னேன். பாலாம்பிகை அகப்பையோடு அப்படியே நின்றாள். பிள்ளை கோபிக்கவில்லை. கண் கலங்க, "நான் போகட்டோ அப்பா?" என்றாள்.

போ என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

முப்பத்தெட்டு வருசமாய் இந்த நாட்டில் இருக்கிறேன். டொக்டரிடம் போனாலும் பிள்ளைதான் மொழிபெயர்க்க வேணும். அந்த வாயால் ஜேர்மன் வந்தது. தட்டுத் தடங்கல் இல்லாமல், நீள நீளமாய், அமைதியாக, அலுமாரிக்குள் கேட்ட அந்தக் கிழவன் குரலில். நிறுத்தப் பார்த்தேன். நாக்கு நிற்கவில்லை. மகளின் முகம் வெளிறுவதைப் பார்த்துக்கொண்டே நான் பேசினேன்.

முடிந்ததும், "நான் என்ன பிள்ளை சொன்னனான்?" என்று கேட்டேன்.

அவள் சொல்லவில்லை. திங்கட்கிழமை கிருசாந்தியிடம் வேலைக்குப் போனாள். இப்போதும் போகிறாள். என்னோடு அன்பாகத்தான் கதைக்கிறாள். இரவில் மட்டும் தன் அறைக் கதவை உள்ளால் பூட்டி, அதற்கு முன்னால் மேசையை இழுத்து வைக்கிறாள்.

எனக்கு அந்தச் சத்தம் கேட்கிறது. ஏனென்றால் அந்த நேரம் நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன். எப்படி அங்கே வந்தேன் என்று தெரியாமல்.