மறந்தது குடை மட்டும்

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க மேடம்."

நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னான் அவன். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நனைந்த குடையைக் கடை மூலையில் சாய்த்து வைத்துவிட்டு, பத்து நிமிடமாக மூச்சு விடாமல் கதை சொல்லியிருக்கிறாள்... அதற்கு இதுதானா பதில்?

"எல்லாரும்னா யாரு சார்? நான் பாஸ்வேர்டை மறக்கல. நாலு மாசமா தினமும் அடிச்சது. புது கம்ப்யூட்டர் வந்த நாள்லேருந்துதான் தப்பு தப்புன்னு காட்டுது!"

"கம்ப்யூட்டர் மாறினா பாஸ்வேர்டு மாறாதுங்க. மனுஷங்கதான் மறப்பாங்க."

பென்டிரைவ், ஹார்டு டிஸ்க் எதில் எது தொலைந்தாலும் மீட்டுக் கொடுப்பவன் என்பதால், தெருவே அவனை டாக்டர் என்றுதான் கூப்பிட்டது. அவளுக்கும் ஒரு பெயர் உண்டு... குரலக்கா. பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளியில் பாடங்களை வாசித்துப் பதிவு செய்வது அவள் வேலை. இந்த வருடப் பாடம் நாற்பத்திரண்டும் அவள் கொண்டுவந்திருந்த கட்டைவிரல் அளவு பென்டிரைவுக்குள்தான் இருந்தன. வெளியே போகக்கூடாது என்று பதிப்பகம் சொன்னதால் பூட்டு. வேறு பிரதி இல்லை. ஆறு நாளில் பரீட்சை. பதினோரு பிள்ளைகள் அவள் குரலுக்காகக் காத்திருந்தார்கள்.

பத்து முறை தப்பாக அடித்தால், உள்ளே இருப்பதையெல்லாம் டிரைவ் தானாகவே அழித்துவிடும். ஏழு முறை ஏற்கெனவே போயிருந்தது.

"இப்போ பாருங்க," என்று அவனுடைய கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, ரோஷத்தோடு அடித்தாள்.

தப்பு.

அவள் கை மறுபடியும் உயர்வதற்குள் அவன் வெடுக்கென்று டிரைவைப் பிடுங்கினான். அப்போதுதான் முதன்முதலாக அவளைப் பார்த்தான். கண்ணா அது... எதிரே இருப்பவளை முழுசாகப் பார்த்து, பார்த்ததற்கே கூச்சப்பட்டுத் தாழ்ந்துகொள்கிற கண்!

"இன்னும் ரெண்டே தடவைதான் இருக்கு. கோபத்துல அடிக்காதீங்க. இன்னிக்கு இது இங்கயே இருக்கட்டும். நிதானமா யோசிங்க, ஞாபகம் வரும்."

"யோசிக்க ஒண்ணுமே இல்ல! எனக்கு மறதியே கிடையாது. இனிமே உங்க கடை வாசப்படியை மிதிச்சா ஏன்னு கேளுங்க!"

விடுவிடுவென்று மழையில் இறங்கி நடந்தாள். தெருமுனை திரும்பிய பிறகுதான் தலை நனைவது உறைத்தது. குடை...! போய் எடுக்க மானம் இடம் கொடுக்கவில்லை.

வீட்டில் அண்ணன் வேறு. "மறதியே கிடையாதா? போன மாசம் வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சது யாரு?" அவளுக்கே சந்தேகம் தட்டியது. ஒருவேளை நிஜமாகவே மறந்துவிட்டோமோ? நினைத்ததுமே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை, பள்ளியில் பதிவறைக் கதவைத் திறந்தால் எதிரே டாக்டர். ஒரு கையில் லேப்டாப் பை, இன்னொரு கையில் அவள் குடை. ஆள் மட்டும் தொப்பலாக நனைந்திருந்தான்.

"குடையைக் கையிலயே வச்சுக்கிட்டு யாராவது நனைவாங்களா?"

"அடுத்தவங்க பொருளை நான் கேக்காம திறக்கறதில்ல." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பிறகு குரலைத் தணித்தான். "பழைய கம்ப்யூட்டரோட கீபோர்டு எங்கங்க?"

"ஸ்டோர் ரூம்ல... ஏன்?"

"அதுல என்னென்ன டைப் பண்ணுவீங்க?"

"ஒண்ணும் இல்ல. வாசிக்கறதுதான் வேலை. பாடத்துக்குப் பேர்கூட நம்பர்தான்."

தூசி படிந்த கீபோர்டைத் தேடி எடுத்து, லேப்டாப்பில் மாட்டி, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். எல்லாம் திரையில் வந்தன. ஒன்றே ஒன்று மட்டும் வரவேயில்லை. எவ்வளவு அழுத்தியும் வரவில்லை.

"இந்த கீ செத்துப்போய் ரொம்ப நாளாச்சு. நீங்க பாஸ்வேர்டு போட்டப்பவே செத்திருக்கணும். திரையில வெறும் புள்ளிதானே தெரியும்? ஒண்ணு குறைஞ்சது உங்களுக்குத் தெரியல. தினமும் குறையாவே அடிச்சீங்க, தினமும் திறந்துச்சு. புது கீபோர்டு அந்த எழுத்தையும் சேர்த்துடுச்சு... அதான் தப்புங்குது."

அவள் குனிந்து அந்தக் கீயைத் தானும் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.

"இதுலயே எப்பவும் அடிக்கிற மாதிரி அடிங்க," என்று டிரைவைச் செருகிவிட்டு, அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள்.

திறந்தது!

"பாடம் ஒன்று..." என்று அவள் குரலே அறையில் ஒலித்தது. அவன் முதுகு ஒரு கணம் அசையாமல் நின்றது.

"திரும்பலாமா?"

"இருங்க... கண்ணைத் துடைச்சுக்கறேன்."

"குடையைத்தாங்க மறந்தீங்க," என்றான் சுவரிடம். "பாஸ்வேர்டை மறக்கல. நேத்து நீங்க சொன்னதை நான் காது குடுத்துக் கேட்டிருக்கணும். மன்னிச்சிடுங்க."

இத்தனை பேரில் ஒருவன் அவளை நம்பியிருக்கிறான்... அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தொண்டையைச் செருமுவதற்குள், பிள்ளைகள் "குரலக்கா!" என்று கூட்டமாக உள்ளே ஓடி வந்தார்கள். அந்தச் சந்தடியில் அவன் போயேவிட்டான்.

பரீட்சை முடிந்தது. ஒரு வாரம் ஓடியது. போய் நன்றி சொன்னால் என்ன? சொல்லலாம்தான். ஆனால் வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று சபதம் செய்த வாய் அல்லவா! கடைத்தெருப் பக்கம் போவதும், முனை வரை நடந்து திரும்புவதுமாக நாட்கள் கழிந்தன.

எட்டாம் நாள் மழை. அவள் குடையோடும், செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடும் கடைக்குள் நுழைந்தாள்.

"இதை ரிப்பேர் பண்ணணும்."

பிரித்துப் பார்த்தான். அதே பழைய கீபோர்டு!

"இதுக்குப் புதுசே வாங்கிடலாமே..."

"தெரியும்."

"பின்ன?"

"வாசப்படியை மிதிக்க எனக்கு ஒரு சாக்கு வேணாமா?"

அவன் முகம் காது வரை சிவந்தது. "மூணு தடவை உங்க ஸ்கூல் கேட் வரைக்கும் வந்தேன். எனக்கு அந்தச் சாக்குகூடக் கிடைக்கல." கீபோர்டில் இல்லாத தூசியைத் துடைத்தான். "எனக்கு... எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க சார்."

அவன் முகம் விழுந்துவிட்டது. அதைப் பார்க்க அவளால் ஒரு நொடிக்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"ஆனா நான் காது குடுத்துக் கேக்கற ஆளு," என்றாள் மெல்ல. "நம்பறேன். எனக்கும்... அப்படித்தான்."

சொன்ன வெட்கத்தில் விறுவிறுவென்று படியிறங்கினாள்.

"ஏங்க... குடை! குடையை மறந்துட்டீங்க!"

கொட்டும் மழையில் நின்று திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"மறக்கல. நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்."